செகண்ட்ஹேண்ட் மாருதி

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. வாங்கத்தான் இன்னும் ஆள் இருக்கிறது, முக்கியமாகப் புதிதாக ஓட்டக் கற்றவர்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். எஞ்சின் அநேகமாக ஏமாற்றாது. கவலையெல்லாம் தகரம்தான். பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், விரிப்பைத் தூக்கித் தரையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ துருவோ தெரிந்தால் வந்த வழியே திரும்பலாம். கடற்கரை ஊர் கார் என்றால் இரண்டு தடவை பாருங்கள். கார்புரேட்டர் மாடலா? எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை வேளையில் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்காக முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. சில ஆயிரங்களுக்குப் பேசி முடிக்கும் காருக்கு இது பெரிய தொகை, பேரத்திலேயே கழித்துவிடுங்கள். டெல்லிப் பதிவுக் கார் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு: 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்கள் அங்கே ஓடத் தடை என்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்று தேவை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.