காப்புடைக்கு இடமில்லை!

23 நாட்கள்! அதுவரை எந்த மனிதரும் அத்தனை நாட்கள் தொடர்ந்து விண்ணில் வாழ்ந்ததில்லை. 1971 ஜூன் 6ஆம் நாள் சோயூஸ் 11 கலத்தில் புறப்பட்ட தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் ஆகிய மூவரும் மறுநாள் சல்யூத் 1 நிலையத்தினுள் நுழைந்தனர். உலகின் முதல் விண்வெளி நிலையம் அது. அங்கே விண்மீன்களை ஆய்ந்தனர், செடி வளர்த்தனர். பத்சாயெவ் தம் 38ஆம் பிறந்த நாளையும் அங்கேயே கண்டார். சோவியத் மக்கள் தொலைக்காட்சியில் கண்டு களித்தனர்.

ஜூன் 30. வான்குடை விரிய, கலம் கசாக்ஸ்தான் மண்ணில் வழுவின்றி இறங்கியது. மீட்கச் சென்றோர் கதவைத் திறந்தனர். மூவரும் இருக்கையிலேயே இருந்தனர், உயிர்தான் இல்லை!

நடந்தது என்ன? கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில், தரையை நெருங்கும்போது திறக்க வேண்டிய வால்வு ஒன்று 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. உள்ளிருந்த காற்று வெளியேறிற்று.

விதி என்பார் சிலர். விதியன்று, வீம்பு! காப்புடை அணிந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பர். ஏன் அணியவில்லை? மூவர் அமர்ந்தால் காப்புடைக்கு இடமில்லை. இருவர் செல்லும் கலத்தை அமெரிக்கா பறக்கவிடுமுன் மூவரை ஏற்றிக் காட்ட வேண்டுமென்று, 1964இலேயே வஸ்ஹோத் கலத்தில் காப்புடையின்றி அனுப்பினர். அன்று விழுந்த வழக்கம் அது.

அருஞ்செயலுக்கு ஆபத்து உடன்பிறப்பல்லவா என்பீர். ஆம்! ஆனால், வீரன் ஏற்கும் ஆபத்து வேறு. வீரன்மீது ஏற்றப்படும் ஆபத்து வேறு. 1973 செப்டம்பரில் சோயூஸ் 12 பறந்தபோது இருவரே சென்றனர். இருவரும் காப்புடை அணிந்திருந்தனர். பின்னர் செய்ய முடிந்ததை முன்னரே செய்திருக்கலாகாதா?

இந்நோய் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1967 ஜனவரியில், தரையிலே சோதனை நடந்தபோதே அப்பல்லோ கலத்தில் தீப்பற்றி அமெரிக்க வீரர் மூவர் மாண்டனர். விரைந்து திறக்கவல்ல கதவு அதன் பிறகே வந்தது.

கொடிகள் இரண்டு, கொள்கைகள் இரண்டு, ஆள்வோரின் அவசரம் மட்டும் ஒன்றே! அரசின் பெருமைக்காக உழைப்பவனிடம் உயிரைக் கேட்குமுன், அவனுக்குரிய காப்பைக் கொடுத்தோமா என்று கேட்பதே மக்களாட்சியின் கடமை.

கிரெம்ளின் மதிலில் அம்மூவரின் சாம்பலுக்கு இடம் கிடைத்தது. கலத்தில்தான் காப்புடைக்கு இடம் கிடைக்கவில்லை!