பொம்மை வீரர்க்கு எந்த நிறம்?

பொம்மை என்றதும் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது பெரியோர் வழக்கம். ஆயினும், ஒரு சமுதாயம் தன் பகைவனை எவ்வாறு எண்ணிப் பார்க்கிறது என்பதை அதன் பாடநூல்களைக் காட்டிலும் பொம்மைகள் வெளிப்படையாகச் சொல்லிவிடும். நூல் எழுதுவோர் சொற்களை அளந்து வைப்பர். வண்ணம் தீட்டும் கையோ மனத்தில் உள்ளதை அப்படியே காட்டிவிடும்.

மேலைநாட்டில் படைவீரர் பொம்மை தனிக்கலையாகவே வளர்ந்தது. இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் 1893-ஆம் ஆண்டில் உள்ளீடற்ற காரீய வார்ப்பில் வீரர்களைச் செய்யத் தொடங்கினர். ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அப்பொம்மைகளுள் இந்தியப் படைப்பிரிவுகளும் இடம்பெற்றன. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் இத்தகைய பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்றும் சேகரிப்போர் பலர் பழைய வண்ணத்தை நீக்கி, அடிப்பூச்சு இட்டு, மெல்லிய பூச்சாகப் பன்முறை தீட்டி, போர்க்களக் காட்சிகளை அமைக்கின்றனர். பழைய வண்ணத்தை நீக்கினால் பொம்மையின் மதிப்புக் குன்றும் என்பர் ஒரு சாரார். களம் செம்மையாக அமைய மாற்றித் தீட்டலாம் என்பர் மறுசாரார். விலை பற்றிய அவ்வழக்கு நமக்கு வேண்டா. மாற்றித் தீட்டுவோர் எந்த நிறத்தை, எந்தச் சான்று கொண்டு தீட்டுகின்றனர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

உருவம் அமைத்தல் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவோம். எனினும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததும், அது குறித்து அவர்கள் கூறிய மறுமொழி கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததும் நபிமொழித் தொகுப்பில் காணப்படுவன. சிறுவர் விளையாட்டுப் பொருளுக்கு இடமளித்த அறிஞர் பலர் இதனைச் சான்றாகக் காட்டுவர்.

மதுரைக்கும் இக்கலை புதிதன்று. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் அதே கைகள் கிறித்துமஸ் குடிலுக்கு இடையரையும் ஆடுகளையும் செய்கின்றன. ஆங்கே தூரிகை சமயம் பார்ப்பதில்லை. ஆனால் கண்காட்சிகளுக்குப் போர்க்களம் அமைக்கும் நம் இளைஞர் சிலர், கடையில் வாங்கிய வீரர்க்கு மறுவண்ணம் பூசும்போது, ஒரு படைக்கு முழுவதும் பச்சையும் தாடியும், எதிர்ப்படைக்கு முழுவதும் திருநீறும் எனத் தீட்டிவிடுகின்றனர். பார்ப்போரும் அதுவே வரலாறு என்று நம்பிச் செல்கின்றனர். இது சிறு பிழையன்று.

நம் ஊரின் போர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பனையூரில் பிறந்த யூசுப்கான், கும்பினிப் படையின் சிப்பாய்த் தலைவராய் உயர்ந்து, பின்னர் மதுரையையும் நெல்லைச் சீமையையும் ஆண்டார். ஆர்க்காட்டு நவாபு முகமது அலியோடும் கும்பினியாரோடும் முரண்பட்டு, கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763-இல் தொடங்கிய முற்றுகை மழைக்காலத்தால் நின்று, மறு ஆண்டு மீண்டும் தொடர்ந்தது. 1764 ஜூன் 26-ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலைக் கோட்டையினர் முறியடித்தனர். அக்டோபர் 13-இல் உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுக்க, 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இக்களத்தை மாதிரியாக அமைப்போர் வீரர்க்கு எந்த நிறம் பூசுவர்? கோட்டைக்குள் இருந்தவர் முஸ்லிம்; வெளியே முற்றுகையிட்டோர் யாருக்காகப் போரிட்டனரோ அந்த நவாபும் முஸ்லிம். இருபுறத்தும் ஐரோப்பியர் இருந்தனர்; இருபுறத்தும் இந்துக்களும் முஸ்லிம்களுமான சிப்பாய்கள் இருந்தனர். காட்டிக் கொடுத்தோரான மார்ச்சந்து, சீனிவாசராவு, பாபாசாகிபு மூவரும் மூன்று சமயத்தவர். சமயத்தை வைத்து வண்ணம் பிரிக்கப் புகுந்தால் இக்களத்தில் ஒரு பொம்மையைக்கூட உரிய இடத்தில் நிறுத்த இயலாது.

இதற்கு வழி நம் முன்னோரிடமே உண்டு. புறத்திணை வகுத்தோர் படைகளைப் பூவால் பிரித்தனர். கோட்டையை வளைப்போர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. அப்பூ வீரனின் குலத்தைச் சொல்வதன்று. அன்று அவன் மேற்கொண்ட செயலைச் சொல்வது. இன்று உழிஞை சூடியவன் நாளை நொச்சி சூடலாம். யூசுப்கான் வாழ்வே அதற்குச் சான்று. கும்பினிக்காகக் கோட்டைகளை வளைத்த அவரே பின்னர்க் கும்பினிக்கு எதிராகக் கோட்டை காத்தார்.

பரவையிலிருந்து நாள்தோறும் நகருக்கு வரும் மாணவர், வெளிவீதியைக் கடக்கையில் பழைய கோட்டையின் எல்லையைக் கடக்கிறோம் என்று அறிவதில்லை. பிளாக்பர்ன் ஆட்சியராய் இருந்த காலத்தில் மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. மேலைக் கோட்டைவாசலின் எச்சம் பெரியார் பேருந்து நிலையத்தருகே நிற்கிறது; சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு அடக்கத்தலம் உள்ளது. மாணவர் இவற்றைச் சென்று பார்த்து, ஆவணங்களோடு கான்சாகிபு சண்டைக் கதைப்பாடலையும் படித்து, அதன் பின்னர்த் தூரிகையை எடுக்கட்டும். பழைய காரீயப் பொம்மையைச் சுரண்டுவோர், அதன் தூள் நஞ்சு என்பதையும் மறவாதிருக்க வேண்டும். அதனினும் கொடிய நஞ்சு பொய்யாகப் பூசிய வண்ணம். காரீயத் தூளைக் கை கழுவிப் போக்கிவிடலாம். இளம் உள்ளத்தில் ஒட்டிய பொய்யான பகைமையைப் போக்குதல் எளிதன்று. ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் இதில் கருத்துச் செலுத்துதல் கடமையாகும்.