டாக்டர் சீட்டில் நடையும் வேண்டும்

ஒரகடம் தொழிற்சாலைகளில் நின்றபடி உழைப்பவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அவர்களில் ஒருவர் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தால், வீட்டார் என்ன சொல்கிறார்கள்? "அலட்டிக்கொள்ளாதீர்கள், படுத்திருங்கள்!"

சொல்வது அன்பு. ஆனால், படுக்கை உடலை மேலும் தளர்த்தும்.

2025-ல் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு 3 ஆண்டுகள் பயிற்சியாளர் துணையுடன் உடற்பயிற்சி. மறுபாதியினருக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். 8 ஆண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 83 பேர்.

பக்கத்துக் காஞ்சீபுரத்திலேயே அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவும் உண்டு. "நடங்கள்" என்ற வாய்ச்சொல் போதாது. யாரிடம் போவது, எவ்வளவு நடப்பது என்று டாக்டர் சீட்டு எழுதித் தரட்டும்.

வீட்டாரும் உடன் நடக்கட்டும்!