கதவுள்ள அறை யாருக்கு?

சுங்கை வே அடுக்குமாடி வீடுகளுக்குள் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டோடு நுழைந்த அலுவலகம் இன்னும் முழுதாக வெளியேறவில்லை. எங்கள் வீட்டில் அண்ணனும் அக்காவும் ஆளுக்கோர் அறையில் இணையக் கூட்டம் நடத்துகிறார்கள். நான் வரவேற்பறையில், சாப்பாட்டு மேசையில் எஸ்.டி.பி.எம். பாடம் படிக்கிறேன்.

சுவரில் நுரைத்தகடு ஒட்டுவது வீண் செலவு என்பேன். அது அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். பேச்சு வெளியே வருவதைத் தடுக்காது. காற்று புகும் வழியெல்லாம் சத்தமும் புகும். ஆகவே கதவுக்கு அடியிலுள்ள இடைவெளியை முதலில் அடையுங்கள். ரப்பர் பட்டை போதும். பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலும் சரி. கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரமும் சத்தம் கசியும் வழிதான். ஆனால் அதை அடைத்தால் நம் ஊர் வெக்கையில் வெந்துபோவோம்!

துண்டு செய்யக்கூடியது அவ்வளவுதான். பாட நேரத்தில் வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டி. சாதாரணப் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல். சம்பளம் வாங்குபவருக்கே கதவுள்ள அறை என்பது வீடுகளில் எழுதாத சட்டம். தேர்வு மாதங்களிலாவது அதைப் பேசி மாற்றுங்கள், மாணவர்களே. எங்கள் அக்கா இப்போது கூட்ட நேரங்களை முதல் நாளே எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுகிறார். கூட்டமில்லாத நேரத்தில் அவர் மேசைக்கு வருகிறார், அறை எனக்கு.