வெஞ்சுனை இருக்கச் சக்குசி எதற்கு?

கோடைக்கானலிலும் நீலமலையிலும் இக்கால் ஒரு புதுக்கூத்து நடைபெறுகின்றது. ஊரிரைச்சலினின்று ஒதுங்கிச் சோலை நடுவே மரத்தாற் கட்டிய ஒற்றை வீடு; அதன் பின்கட்டில் கொப்புளிக்கும் வெந்நீர்த் தொட்டி; கணவனும் மனைவியும் இரண்டு நாள் தனித்திருக்க ஏற்ற இடம். ஓய்வைக் குறைகூறுவார் எவருமிலர். உழைத்தவன் குளிர்மலையில் வெந்நீராடட்டும். வாயிலில் தொங்கும் பலகையன்றோ வயிற்றைக் குமட்டுகின்றது! 'காட்டேசு' என்கிறான், 'கேபின்' என்கிறான், 'பிரைவேட்டு சக்குசி' என்கிறான். கட்டியவன் தமிழன், அறை கூட்டுபவள் தமிழச்சி, தங்குவோருட் பலர் தமிழர். பலகை மட்டும் யாருக்காக ஆங்கிலம் பேசுகின்றது?

சக்குசி என்பது ஏதோ இன்பத்தின் பெயரென்று எண்ணி வாய்நிறையச் சொல்கின்றனர். அஃது ஓர் இத்தாலியக் குடும்பத்தின் குடிப்பெயர். அமெரிக்காவிற் குடியேறி நீரேற்றி செய்து விற்ற உடன்பிறந்தாருள் ஒருவர், முடக்குநோயுற்ற தம் மகன் வலி தணிந்து நீரிற் கிடக்கும்பொருட்டு, 1950களில் ஒரு சிறு நீரேற்றியை அமைத்தார். 1968இல் அக்குடும்பத்தார் நீர்பீச்சும் தொட்டியையே செய்து சந்தைக்கு விட்டனர். தந்தையன்பிற் பிறந்த கருவி, போற்றத்தக்கதே. கருவியை வாங்குக. பிறர் குடிப்பெயரையும் சேர்த்து வாங்குவானேன்?

மலையும் தனிமையும் நீராட்டும் தமிழனுக்குப் புதியனவா? குறிஞ்சித் திணையின் உரிப்பொருளே புணர்தலன்றோ! மலைவாணர் ஊர் சிறுகுடி, குறிச்சி. புல்வேய்ந்த சிறுமனை குரம்பை. தினைப்புனக் காவற்பரண் இதணம். பாறைக்குழியில் ஊறிநிற்கும் நீர் சுனை. அதில் ஆடுதல் சுனையாடல். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கிய மொழிக்கு, ஒரு தொட்டிக்குப் பெயர் வைக்கச் சொல்லில்லையாம்! வெம்மையும் சுனையும் புணர்ந்தால் வெஞ்சுனை. இதற்கு எந்த அகரமுதலியைப் புரட்டல் வேண்டும்?

பின்லாந்தைப் பார்க்கட்டும். மக்கள் தொகை ஏறத்தாழ 56 இலக்கம். தமிழருள் ஒரு சிறு பங்கு. அங்கும் ஏரிக்கரைதோறும் தனி மரவீடுகள் உள. ஐந்து இலக்கத்திற்கு மேல். ஆண்டது உருசியப் பேரரசாயினும், கற்றோர் மொழியாகவும் அலுவல் மொழியாகவும் வீற்றிருந்தது சுவீடிய மொழி. 1863இல்தான் பின்னிய மொழி அலுவலிடத்துச் சமவுரிமை பெறுதற்கு ஆணை பிறந்தது. 1906இல் அந்நாட்டுக் குடும்பங்கள் பெருந்திரளாகச் சுவீடியக் குடிப்பெயரைக் களைந்து தம் மொழிப்பெயர் சூடின. பின்னாளிற் கணிப்பொறி வந்தபோதும் 'அறிவுப்பொறி' எனப் பொருள்படத் தம் சொல்லையே ஆக்கிக்கொண்டனர். அவர்களது நீராவிக் குளியலின் பெயர் 'சவுனா'. இன்று ஆங்கிலன் வாயிலும் அச்சொல்லே! கடன் கொடுத்தவர் அவர், வாங்கியவன் ஆங்கிலன்.

ஆங்கிலப் பெயர் வைத்தாற்றான் வெளியார் வருவர் என்பான் வணிகன். சப்பானியரின் வெந்நீரூற்றுகளைத் தேடி உலகமே செல்கின்றது. 'ஓன்சென்' என்னும் அவர் சொல்லைச் சொல்லியே செல்கின்றது. 1845இற் கோடைக்கானலிற் குடியமர்ந்த அமெரிக்கச் சமயத்தொண்டர், தாம் கட்டிய முதல் வீடுகளுக்குச் 'சன்னிசைடு', 'செல்டன்' எனப் பெயரிட்டனர். அவர் வீடு, அவர் மொழி, குற்றமில்லை. தமிழன் தன் வீட்டிற்கும் அவர் மொழியிலேயே பெயர் தேடுவதுதான் வெட்கக்கேடு.

வரும் கோடைக்கு மலையேறும் தமிழன்பர்கள், "வெஞ்சுனையுள்ள குரம்பை உண்டா?" என்றே கேட்கட்டும். விளங்கவில்லை என்பானாயின், விளக்கிய பின்னரே உருபாவை எடுக்கட்டும்.