களத்து மேட்டில் ஒரு கீறல்



கண்ணமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெல் தூற்றும்போது அவருடைய அம்மாவின் கண்ணில் உமி பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் சொன்னபடி தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. சிவப்பு குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். இப்போது கருவிழியில் பூ விழுந்துவிட்டது. “கண்ணை மாத்தணும்னு சொல்றாங்க. முழுக் கண்ணையும் எடுத்துடுவாங்களா?” என்று கேட்கிறார்.

எடுக்க மாட்டார்கள், சகோதரி. மாற்றுவது கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளி ஊடுருவும் படலத்தை மட்டும்தான். நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு வந்தது நம் ஊர்ப்பக்கம் அரிதான நோய் அல்ல. மதுரை மாவட்டத்தைப் பற்றி 1996இல் வெளியான கணக்குப்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தில் அது 11தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த இத்தகைய நோயாளிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புண்ணில் இருந்தது பூஞ்சை. மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சைதான். நெல் உமியோ கரும்புச் சோகையோ கீறிய இடத்தில் அது உள்ளே போய்விடுகிறது.

இங்கேதான் கடையில் வாங்கிய சொட்டு மருந்து வம்பாகிறது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு அடங்கும், வலி குறையும்; உள்ளே பூஞ்சை தங்குதடையின்றி வளரும். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, நாக்கால் தூசு எடுப்பது எல்லாமே கிருமிக்கு வழிவிடுபவை. அன்போடு செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் வேண்டாம்.

மருத்துவமனையில் புண்ணை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பாக்டீரியா என்றால் ஒரு மருந்து, பூஞ்சை என்றால் வேறு. பூஞ்சைக்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தே, விலை கூடிய வோரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்கிறது என்று அரவிந்த் மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு 2013இல் காட்டியது. ஆரம்பத்தில் மணிக்கொரு தரம் விட வேண்டியிருக்கும், இரவிலும்கூட. வீட்டில் ஒருவர் கண் விழித்தாக வேண்டும்.

இதையெல்லாம் தவிர்க்க முடியாதா? நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களே, கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டுப் பார்த்தார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. நீங்களாக அந்தக் களிம்பை வாங்கிப் போட்டுக்கொள்ள நான் இதைச் சொல்லவில்லை. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள் என்பதற்காகத்தான். கண்ணமங்கலத்தில் வேலூர் பஸ் ஏறினால் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேலூருக்குள் போனால் ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை. 1902இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இருந்த இடம் அது.

வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் தண்ணீர். நல்ல தண்ணீரால் அரைமணி நேரம் விடாமல் கழுவ வேண்டும். அக்கி வகை வைரஸும் கருவிழியைத் தாக்கும், திரும்பத் திரும்ப வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி கூம்பிப் போகலாம். கண்ணாடியை அடிக்கடி மாற்றியும் பார்வை தெளியவில்லை என்றால் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால், ரைபோபிளேவின் சொட்டு விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சி மேலும் கூம்பாமல் நிறுத்திவிடலாம்.

மாற்று அறுவைக்கு வருகிறேன். முதன்முதலில் இதை வெற்றிகரமாகச் செய்தவர் எட்வர்ட் சிர்ம், 1905இல், இன்றைய செக் நாட்டில். நோயாளி ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டுப் பார்வை போனவர். ஒரு கண்ணில் வைத்தது கெட்டுப்போனது, இன்னொன்று நிலைத்தது. அதை வைத்துக்கொண்டே திரும்ப வேலைக்குப் போனார். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் 1945இலேயே கண் வங்கி தொடங்கிவிட்டார்கள். இருந்தும் தானமாக வரும் கண்கள் போதவில்லை. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளியும் கண்ணாடி போட்டவரும் புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். கண் வங்கிக்காரர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தி வைத்தால் போதும்.

சகோதரி, அறுவைக்குப் பிறகு அம்மாவின் கண்ணில் தையல் பல மாதம் இருக்கும், பிரிக்க அவசரப்படுத்தாதீர்கள். நடுவில் சிவப்போ கூச்சமோ மங்கலோ வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை களத்து வேலை வேண்டாம். சொன்ன பிறகும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டே தூற்றட்டும். பார்வை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்