பாலத்தில் ஆற்றின் பெயரை எழுதுங்கள்

கும்பகோணத்தில் பஸ் ஏறித் தெற்கே போகிறவர்கள் முதலில் கடப்பது அரசலாறு. அப்புறம் திருமலைராஜன், முடிகொண்டான், குடமுருட்டி என்று ஆறு மாற்றி ஆறு குறுக்கிடும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் என்ன இருக்கிறது? வெள்ளையடித்த சதுரத்தில் கருப்பு பெயிண்டில் கிலோமீட்டர் எண், அதன் கீழே பாலத்தின் எண். பல பாலங்களில் அவ்வளவுதான். ஆற்றின் பெயர் இல்லை.

சமூக அறிவியல் நடத்திய காலத்தில், ஆற்றங்கரைத் தெருப் பிள்ளைகளிடம், "உங்க வீட்டுக் கொல்லையில ஓடுற ஆத்துக்குப் பேரு என்னடா?" என்று கேட்பேன். "ஆறுதான் சார்" என்பார்கள். கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது என்றால் அதே பிள்ளைகள் நாசிக் என்று பட்டென்று சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்?

மற்ற ஊர்களில் சிற்றாறுகள் சேர்ந்து பேராறு ஆகும். டெல்டாவில் நேர்மாறு. கல்லணையில் தொடங்கி காவிரி பிரிந்துகொண்டே போகிறது. நீடாமங்கலம் பக்கம் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகும் இடத்துக்கு மூணாறு தலைப்பு என்றே பெயர். கல்லணைக் கால்வாய் 1934-இல் முடிந்தது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது இன்னும் புது ஆறுதான். வெட்டியது வெட்டாறு, ஓடம் போனது ஓடம்போக்கி. முடிகொண்டான் என்பது ராஜேந்திர சோழனின் பட்டப்பெயர். திருமலைராயன், காளமேகப் புலவரோடு சேர்த்துப் பேசப்படும் சிற்றரசன். எந்த ஆறு எப்படி உண்டானது, யார் ஆண்டார்கள் என்பதெல்லாம் இந்தப் பெயர்களுக்குள் கிடக்கிறது.

அரசலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் அரிசில். சுந்தரர் பாடிய அரிசிற்கரைப்புத்தூர்தான் கும்பகோணத்தை அடுத்த இன்றைய அழகாபுத்தூர். ஊர்ப்பெயரிலிருந்து ஆறு உதிர்ந்துவிட்டது. ஆற்றின் பெயரும் வாயில் தேய்ந்து அரசல் ஆகிவிட்டது. அதில் தப்பில்லை, பேசப் பேசப் பெயர் தேயத்தான் செய்யும். பேசாமலே விட்டால்தான் அழியும். இந்த ஆறு காரைக்காலில் கடலில் கலக்கிறது. அங்கே கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, பக்கத்தில் கலப்பது கும்பகோணத்து ஆறு என்று தெரியும்?

பெயர் போனால் மதிப்பும் போகும். ஆறு என்றவர்கள் வாய்க்கால் என்கிறார்கள், அடுத்த தலைமுறை சாக்கடை என்கிறது, கோழிக்கழிவு மூட்டை பாலத்திலிருந்து விழுகிறது. பெயர்ப்பலகை வைத்தால் குப்பை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகார் மனு எழுதுவதற்குக்கூட ஆற்றுக்கு ஒரு பெயர் வேண்டும்.

நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் என் கோரிக்கை இதுதான். டெல்டாவில் ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு பாலத்திலும், சின்னப் பாலமானாலும், நான்கு விவரங்களை எழுதுங்கள்: ஆற்றின் பெயர், பழைய பெயர் இருந்தால் அதுவும், எந்தத் தலைப்பில் பிரிகிறது, எங்கே போய்ச் சேர்கிறது. பெயரை எல்லாப் பாலத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு கரையில் திருமலைராஜன், மறு கரையில் திருமலைராயன் என்று வேண்டாம். எழுதுவதற்கு முன் அந்தந்த ஊர் விவசாயிகளையும் மதகு திறக்கும் லஸ்கரையும் கேளுங்கள். பாலத்துக்கு எப்படியும் வெள்ளையடிக்கத்தான் போகிறீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் அதே கையோடு இதையும் எழுதி முடியுங்கள்.